ஒத்தைத் தலைவலிக்காரர்கள் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். எடுப்பது எப்படி, படிப்பது எப்படி

ரத்தத்தைப் பார்த்து ஒருவருக்கு ஒத்தைத் தலைவலி, அதாவது மைக்ரேன், இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதற்கென்று ஒரு சோதனை எந்த லேபிலும் இல்லை. வலி வரும் விதத்தைக் கேட்டுத்தான் டாக்டர் முடிவு செய்கிறார். மருந்து போடாவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கிறதா? ஒரு பக்கமாக வருகிறதா? விண்விண்ணென்று தெறிக்கிறதா? மாடிப்படி ஏறினால் கூடுகிறதா? குமட்டல் உண்டா, அல்லது வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போகிறதா? இப்படிக் குறைந்தது 5 தடவையாவது வந்திருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் அதுவே போதும்.

சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தின் அளவு. ஈ.எஸ்.ஆர். என்பது சிவப்பணுக்கள் குழலில் எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகின்றன என்ற அளவு. தலைவலிக்குப் போனால் பிறகு ஏன் ஓ.பி. சீட்டில் இவற்றை எழுதுகிறார்கள்? ஒத்தைத் தலைவலி மாதிரியே வேஷம் போட்டு வரும் வேறு நோய் ஏதாவது பின்னால் இருக்கிறதா என்று பார்க்கத்தான். காசநோய், ரத்தக்குழாய் அழற்சி, உள்ளே புகைந்துகொண்டிருக்கும் தொற்று, ரத்தசோகை ஆகியவற்றை இந்த எண்கள் காட்டிக்கொடுக்கும். ஆனால் தவறான நாளில், தவறான முறையில் எடுத்தால் இதே எண்கள் ஆளை அலைக்கழிக்கும். வட சென்னையில் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் இருக்கிறவர்கள் இந்தச் சோதனைகளை வீண் செலவும் வீண் பயமும் இல்லாமல் எடுத்து முடிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

மைக்ரேனில் அழற்சி எங்கே நடக்கிறது

மைக்ரேனில் அழற்சி உண்டு என்பது உண்மைதான். மூளையைச் சுற்றியுள்ள உறையில், முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பின் நுனிகள் வந்து முடிகின்றன. வலி வரும்போது அந்த நுனிகளிலிருந்து சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கு வெளிப்படுகிறது. அது ரத்தக்குழாய்களை விரிக்கிறது, வலி நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. வலி வந்திருக்கும் நேரத்தில் கழுத்துச் சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தில் இது கூடுதலாக இருப்பதை பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் 1990ல் காட்டினார்கள். மைக்ரேன் ஆராய்ச்சிக்காக இவர்கள் இருவருக்கும் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலேசன் ஆகியோருக்கும் 2021ல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெய்ன் பரிசு கிடைத்தது. இன்று மைக்ரேனுக்கு வந்திருக்கும் புதிய மருந்துகளில் பல, இந்தப் புரதத்தைத் தடுப்பவைதான்.

ஆனால் சி.ஆர்.பி. அளப்பது இதை அல்ல. சி.ஆர்.பி.யைச் செய்வது கல்லீரல். உடம்பில் எங்கேயாவது கிருமி புகுந்தாலோ, திசு காயப்பட்டாலோ இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞை ரத்தத்தில் கலந்து கல்லீரலை முடுக்கிவிடும். மூளை உறையில் நடக்கும் அழற்சி மிகச் சிறிய இடத்தில், கிருமியே இல்லாமல் நடப்பது. அது கல்லீரல் வரை எட்டுவது குறைவு. மைக்ரேன் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் கூட்டமாக நிறுத்தி ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், மைக்ரேன் கூட்டத்தின் சராசரி சி.ஆர்.பி. சற்றுக் கூடுதலாக வந்திருக்கிறது. இன்டர்லூக்கின்-6, அதைப் போன்ற இன்னொரு அழற்சிச் சமிக்ஞையான டி.என்.எஃப்.-ஆல்ஃபா கூட அப்படி வந்ததுண்டு. ஆனால் இரண்டு கூட்டத்தின் எண்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. உடல் எடை கூடினாலே சி.ஆர்.பி. கூடும் என்பதும் கணக்கைக் குழப்புகிறது. ஆகவே உங்கள் ஒருவருடைய எண் 2 என்றாலும் 4 என்றாலும் அதை வைத்து ‘மைக்ரேன் முற்றிவிட்டது’ என்றோ ‘குறைந்துவிட்டது’ என்றோ யாரும் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்லி மருந்து விற்கிறவர்களை நம்பாதீர்கள்.

எதை எடுக்கலாம், எதை விடலாம்

முழு ரத்த எண்ணிக்கை, அதாவது சி.பி.சி. அதோடு ஈ.எஸ்.ஆர்., அளவு சொல்லும் சி.ஆர்.பி. இந்த மூன்றும் போதும். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சேரும். உடல் மந்தம், எடை கூடுதல், முடி கொட்டுதல் என்று சொன்னால் டாக்டர் தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். எழுதுவார்.

சி.ஆர்.பி. கேட்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். சின்ன லேப்களில் இன்னும் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்த நீரையும் ஒரு சொட்டு லேடெக்ஸ் திரவத்தையும் கலந்து, திரிகிறதா என்று பார்க்கும் முறை உண்டு. அதில் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ‘நெகட்டிவ்’ என்று மட்டும் வரும். மேலே போனால் 12, 24, 48 என்று இரட்டித்து இரட்டித்துத்தான் எண் வரும். உங்கள் ரிப்போர்ட்டில் சரியாக 12 அல்லது 24 என்று இருந்தால் அது இந்தச் சில்லு முறையாக இருக்கலாம். போகும்போதே “சி.ஆர்.பி. குவான்டிடேட்டிவா போடுவீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். மிஷினில் போடுவது அது.

ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. என்று இன்னொன்று இருக்கிறது. புரதம் அதேதான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழும் நுட்பமாக அளக்கும் முறை. இது இதய, ரத்தக்குழாய் ஆபத்தைக் கணிக்க வந்தது, தலைவலிக்காக அல்ல. வலிக்கு முன்னால் கண்ணில் மின்னல்கோடு, பொரி பறப்பது, பாதிப் பார்வை மறைவது என்று அறிகுறி வருகிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல். அவர்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தத்தோடு சேர்த்து இதையும் டாக்டர் கேட்கலாம். மற்றவர்கள் தாங்களாகப் போய் எடுக்கத் தேவையில்லை.

இன்டர்லூக்கின் பேனல், சி.ஜி.ஆர்.பி. அளவு, உணவு ஒவ்வாமைக்கு என்று சொல்லி எடுக்கும் ஐ.ஜி.ஜி. (எதிர்ப்புப் புரதம்) பேனல் ஆகியவற்றை மைக்ரேனுக்காக எடுக்க வேண்டாம். சி.ஜி.ஆர்.பி. ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். ஆராய்ச்சிக்கூடத்தில் ஐஸில் வைத்து, உடனே பிரித்து அளக்கிற சமாச்சாரம் அது. ஐ.ஜி.ஜி. பேனலில் பால், கோதுமை, தக்காளி என்று வரும் சிவப்புக் கட்டங்கள், அவற்றை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகின்றன. அந்தப் பட்டியலைப் பார்த்துப் பாதிச் சாப்பாட்டை நிறுத்தி, பசியால் தலைவலி கூடினவர்கள் உண்டு.

எந்த நாளில் எடுப்பது

சோதனையின் பாதி வெற்றி நாளைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. ஒரு தொற்றோ காயமோ வந்தால் 6 முதல் 8 மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கும். ஏறக்குறைய 2 நாளில் உச்சிக்குப் போகும். காரணம் நின்றுவிட்டால் 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். 40 இருந்தது மறுநாள் 20க்குக் கீழே வரும். மூன்றாம் நாள் முடிவில் 3 பக்கம் வந்து நிற்கும். ஈ.எஸ்.ஆர். அப்படி இல்லை. ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் குறையக் குறையத்தான் அது இறங்கும். வாரக்கணக்கில் ஆகும். போன மாதக் காய்ச்சலின் மிச்சம் இந்த மாத ஈ.எஸ்.ஆரில் நிற்கும்.

அதனால் தலைவலி விட்டு முழுசாக 3 நாள் ஆன பிறகு போங்கள். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பல் பிடுங்கியது, தடுப்பூசி, காலில் ஆணி குத்திச் சீழ் வைத்தது எதுவானாலும் ஆறி 2 வாரம் தள்ளுங்கள். மழைக்காலம் முடிந்து டெங்கு, சிக்குன்குனியா வந்து போன வீடுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டுவலி மாதக்கணக்கில் இழுக்கும். அப்போது ஈ.எஸ்.ஆர். ஏறியிருந்தால் அதைத் தலைவலியோடு முடிச்சுப் போடக் கூடாது. துறைமுகத்திலோ குடோனிலோ லோடு வேலை பார்க்கிறவர்கள் முதல் நாள் கடுமையாக உழைத்துவிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்தால் வெள்ளணுவும் சி.ஆர்.பி.யும் சற்றுத் தூக்கிக் காட்டலாம். வார விடுமுறைக்கு மறுநாள் காலை போவது நல்லது.

இந்தக் கணக்கெல்லாம் நிதானமாக எடுக்கும் சோதனைக்கு மட்டும்தான். காய்ச்சலோடு தலைவலி, பார்வை மங்கல், 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த தலைவலி என்றால் நாள் பார்க்கக் கூடாது. அன்றைக்கே எடுக்க வேண்டும்.

மாத்திரை, ஊசி

எந்த மருந்தையும் சோதனைக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தால் போதும். முக்கியமாக ஒன்று. வலி தாங்காமல் தெருமுனை கிளினிக்கில் போய் ஊசி போட்டிருந்தால் அதில் டெக்ஸாமெதசோன் இருந்ததா என்று கேட்டு வையுங்கள். அது ஸ்டீராய்டு. சி.ஆர்.பி.யைக் கீழே அமுக்கும், வெள்ளணு எண்ணிக்கையை மேலே தூக்கும். ரிப்போர்ட்டைப் பார்க்கிற டாக்டருக்கு இது தெரியாவிட்டால் இரண்டையும் தப்பாகப் படிப்பார். கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரை சி.ஆர்.பி.யைக் குறைக்கும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூட்டும்.

முடி, நகத்துக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டி.எஸ்.ஹெச்., ஃபெரிட்டின் எடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி 2, 3 நாள் முன்பே நிறுத்துங்கள். சில மிஷின்களில் அது எண்ணைத் திரித்துவிடும்.

வெறும் வயிறு வேண்டாம்

மைக்ரேன்காரர்களுக்கு லேப் தரும் பெரிய தொல்லை இதுதான். பசி, ஒத்தைத் தலைவலியைக் கிளப்பும். சி.பி.சி., ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. மூன்றுக்கும் வெறும் வயிறு தேவையே இல்லை. ஆனால் பேக்கேஜ் என்று சொல்லிச் சர்க்கரை, கொழுப்பைச் சேர்த்துவிட்டால் 10, 12 மணி நேரம் பட்டினி என்பார்கள். கவுன்டரில் இப்படிக் கேளுங்கள்:

“தம்பி, சீட்டுல எழுதினது சி.பி.சி., ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. மட்டும்தான். சாப்ட்டு வரலாம்ல?”

“இதுக்கு மட்டும்னா சாப்டலாங்க்கா. ரொம்ப எண்ணெய் மட்டும் வேணாம்.”

அந்தத் தம்பி சொல்வது சரி. வடைகறியும் பூரியும் சாப்பிட்டுவிட்டுப் போனால் ரத்த நீர் பால் மாதிரி கலங்கி, ஒளியை வைத்து அளக்கும் சி.ஆர்.பி. மிஷினைத் தடுமாற வைக்கும். இரண்டு இட்லி போதும். கொழுப்பும் சர்க்கரையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ராத்திரி 8:30 மணிக்குச் சாப்பிட்டு, காலை 7 மணிக்கு முதல் ஆளாக ரத்தம் கொடுத்துவிட்டு, கையோடு கொண்டுபோன டிபனை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நடுவில் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். தினமும் காலையில் காபி குடித்துப் பழகியவர்களுக்கு அது தள்ளிப்போனாலே தலைவலி வரும். ஃபிளாஸ்கில் எடுத்துப் போங்கள்.

ஊசி குத்திய பிறகு என்ன நடக்க வேண்டும்

சி.பி.சி.க்கு ஊதா மூடிக் குழாய். சி.ஆர்.பி.க்கு மஞ்சள் அல்லது சிவப்பு மூடி. ஈ.எஸ்.ஆருக்குக் கறுப்பு மூடிக் குழாய், இல்லாவிட்டால் ஊதாக் குழாயிலிருந்தே எடுப்பார்கள். ஊதா, கறுப்பு இரண்டையும் எட்டு, பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். உதறக் கூடாது. கறுப்புக் குழாயில் நாலு பங்கு ரத்தத்துக்கு, அது உறையாமல் தடுக்கும் சிட்ரேட் திரவம் ஒரு பங்கு என்பது கணக்கு. நரம்பு கிடைக்கவில்லை என்று பாதிக் குழாயோடு நிறுத்தினால் கணக்கு கெட்டுவிடும். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஈ.எஸ்.ஆர். எவ்வளவு பழைய, எவ்வளவு எளிய சோதனை என்று கிட்டத்தில் பார்த்தால்தான் அது எங்கே தப்பும் என்பது புரியும். ஸ்டாண்டில் 200 மில்லிமீட்டர் வரை கோடு போட்ட மெல்லிய கண்ணாடிக் குழல் செங்குத்தாக நிற்கிறது. ரத்தம் சுழி வரை ஏற்றப்பட்டிருக்கிறது. சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கின மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, கனத்துக் கீழே இறங்குகின்றன. மேலே வெளிறிய மஞ்சள் நீர் தெளிகிறது. ஒரு மணி நேரம் கழித்து அந்த மஞ்சள் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுதுவார்கள். அவ்வளவுதான். அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் கூடும், அணுக்கள் சீக்கிரம் ஒட்டும், வேகமாக இறங்கும். குழல் 3 டிகிரி சாய்ந்திருந்தாலே எண் 30 சதவீதம் வரை கூடிவிடும். அறை வெப்பம் கூடினாலும் வேகம் கூடும். மே மாதத்தில் கரண்ட் போன அறையில் வைத்த குழலை நம்ப முடியாது. மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரி போகும்போது அதிர்கிற மேஜையும் ஆகாது.

சாதா வெப்பத்தில் 4 மணி நேரத்துக்குள் குழலில் ஏற்றிவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிற தம்பி காலை 6 மணிக்கு எண்ணூரில் உங்களிடம் எடுத்து, கத்திவாக்கம், திருவொற்றியூர், காலடிப்பேட்டை என்று பத்து வீடு முடித்து, பையோடு வெயிலில் சுற்றி, பகல் 12 மணிக்கு மெயின் லேபில் சேர்த்தால் சி.ஆர்.பி. தாங்கும், ஈ.எஸ்.ஆர். தாங்காது. பெரும்பாலும் பொய்யாகக் குறைந்து வரும். பழைய ரத்தத்தில் அணுக்கள் உருண்டு போய், அடுக்காக ஒட்டாது. அதனால் ஈ.எஸ்.ஆர். மட்டுமாவது, அங்கேயே மிஷின் வைத்திருக்கிற லேபுக்கு நேரில் போய்க் கொடுங்கள். போர்டில் ‘கலெக்‌ஷன் சென்டர்’ என்று இருந்தால் சோதனை அங்கே நடப்பதில்லை. ‘இங்கயே போடறீங்களா, அனுப்பறீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். விம்கோ நகர் முதல் வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ ஓடுகிறது. வெயில் ஏறுமுன் போய்விட்டு வந்துவிடலாம்.

எண்ணைப் படிப்பது

முதலில் அலகு. சி.ஆர்.பி.யைச் சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும், சில லேப்கள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் எழுதும். இரண்டுக்கும் 10 மடங்கு வித்தியாசம். டெசிலிட்டருக்கு 0.8 என்பதும் லிட்டருக்கு 8 என்பதும் ஒன்றே. ஒரு லேபில் 0.8, அடுத்த தடவை வேறு லேபில் 7 என்று வந்ததைப் பார்த்து ‘பத்து மடங்கு ஏறிப்போச்சு’ என்று அழுகிறவர்கள் உண்டு. உண்மையில் குறைந்திருக்கிறது. ஒரே லேபிலேயே தொடர்ந்து எடுங்கள்.

ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி.க்கு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேலே கூடுதல் என்பது 2003ல் அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யும் சேர்ந்து சொன்ன வரம்பு. 10க்கு மேலே போனால் அதை இதயக் கணக்கில் எடுக்கக் கூடாது. உடம்பில் தொற்றோ அழற்சியோ தேட வேண்டும், ஆறிய பிறகு மறுபடி எடுக்க வேண்டும். ஒரு தடவை எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே ஆளுக்கு, ஒரு நோயும் இல்லாமலே, மூன்றில் ஒரு பங்கு கூடுவதும் குறைவதும் சகஜம். 2 வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுத்துச் சராசரி பார்ப்பதுதான் முறை.

ஈ.எஸ்.ஆருக்கு வயதைச் சேர்த்துப் பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. ஆணுக்கு வயதில் பாதி. பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி. 34 வயதுப் பெண்ணுக்கு 22 வரை, 62 வயது ஆணுக்கு 31 வரை இயல்பு. கர்ப்பக் காலத்தில் தானாகவே ஏறும், பயப்பட வேண்டாம்.

இப்போது ஒரு ரிப்போர்ட் இப்படி வந்ததாக வையுங்கள்: 34 வயது, பெண், ஹீமோகுளோபின் 8.8, ஈ.எஸ்.ஆர். 48, சி.ஆர்.பி. 2. ஈ.எஸ்.ஆரைப் பார்த்ததும் பதறுவார்கள். ஆனால் சி.ஆர்.பி. அமைதியாக இருக்கிறது. ரத்தசோகையில் அணுக்கள் குறைவாக, நெரிசல் இல்லாமல் இருப்பதால் வேகமாக இறங்கிவிடும். இங்கே ஈ.எஸ்.ஆரை ஏற்றியிருப்பது பெரும்பாலும் ரத்தசோகைதான். ஃபெரிட்டின் பார்த்து, மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்று கேட்டு, இரும்புச்சத்து கொடுக்க வேண்டும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 15க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டினும் பொய்யாக ஏறும். அப்போது 70க்குக் கீழே இருந்தாலே குறைவு என்று எடுக்கச் சொல்கிறது. சி.ஆர்.பி.யையும் ஃபெரிட்டினையும் ஒரே நாளில் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு ரிப்போர்ட்: 62 வயது, ஆண், இதுவரை தலைவலியே வந்ததில்லை. ஒரு மாதமாகப் பொட்டுப் பக்கம் வலி, தலை வாரினால் எரிச்சல், மீன் சோறு நாலு வாய் மெல்வதற்குள் தாடை ஓய்ந்து போகிறது. ஈ.எஸ்.ஆர். 88, சி.ஆர்.பி. 64. இதை மைக்ரேன் என்று தைலம் தேய்த்து உட்காரக் கூடாது. பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நம் ஊரில் குறைவுதான், ஆனால் தவறவிட்டால் ஒரே ராத்திரியில் கண் பார்வை போகும், திரும்பாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பயாப்சி முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்குவார்கள்.

நம் பக்கத்தில் அதைவிட அதிகம் நினைக்க வேண்டியது காசநோய். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும் தலைவலி, சாயங்காலக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைவு, சிடுசிடுப்பு, குழப்பம் ஆகியவற்றோடு ஈ.எஸ்.ஆர். ஏறியிருந்தால் மூளை உறைக் காசநோயா என்று பார்க்க வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தும் சோதனையும் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

சி.பி.சி. ரிப்போர்ட்டில் வெள்ளணு வகைகளில் நியூட்ரோஃபில் சதவீதத்தை லிம்ஃபோசைட் சதவீதத்தால் வகுத்து என்.எல்.ஆர். என்று சில லேப்கள் தனியாகப் போடுகின்றன. 58ஐ 32ஆல் வகுத்தால் 1.8. மைக்ரேன் ஆய்வுகளில் இதையும் பார்த்திருக்கிறார்கள். இதை வைத்து உங்கள் மருந்தில் எதையும் மாற்ற முடியாது. வாந்தி எடுத்து வாடிய நாளில், ஸ்டீராய்டு போட்ட நாளில் தானாக ஏறும். தாண்டிப் போய்விடுங்கள்.

சற்றே ஏறியிருந்தால்

காரணம் தெரியாமல் சி.ஆர்.பி. 3க்கும் 10க்கும் நடுவில் நின்றால் முதலில் வாயைத் திறந்து ஈறைப் பாருங்கள். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது, வாய் நாற்றம் அடிக்கிறது என்றால் ஈறு நோய் ஒரு காரணமாக இருக்கலாம். பல் டாக்டரிடம் ஒரு தடவை சுத்தம் செய்துகொள்ளுங்கள். பீடி, சிகரெட், இடுப்புச் சுற்றளவு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம் இவை அடுத்தவை. குறட்டைக்காரர்களுக்குக் காலையில் எழுந்ததும் வரும் தலைவலி, மைக்ரேனோடு சேர்ந்துகொள்ளும்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் இருக்கிறவர்கள் காற்றைப் பற்றிக் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காற்றில் நுண்துகள் கூடினால் சி.ஆர்.பி. ஓரளவு ஏறுவதாகப் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் ஒருவருடைய ரிப்போர்ட்டில், இது புகையால் ஏறியது என்று பிரித்துக் காட்ட முடியாது. கடும் வாசனை தலைவலியைக் கிளப்புவது வேறு விஷயம், அது ரத்தத்தில் தெரியாது, தலைவலி வந்த நாட்களைக் குறிக்கும் டைரியில்தான் தெரியும். நெடி வீசிய நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

கண்ணில் மின்னல்கோடு வந்து தலைவலி வருகிற பெண்கள், சி.ஆர்.பி. எத்தனை என்பதைவிட, தாங்கள் எடுக்கும் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். இருந்தால் அவர்களுக்கு அது கூடாது. பக்கவாத ஆபத்தைக் கூட்டும். மாற்று வழிகள் உண்டு, மகப்பேறு ஓ.பி.யில் கேளுங்கள்.

எந்த எண்ணும் சரியாக இருந்து, தலைவலி மட்டும் அடங்கவில்லை என்றால் மெடிக்கல் ஷாப் அட்டைகளை எண்ணுங்கள். வெறும் வலி மாத்திரை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபீன் கலந்த கூட்டு மாத்திரையோ மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் மாத்திரையோ 10 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கு மேல் போட்டு வந்தால் அந்த மாத்திரையே தினத் தலைவலியை உண்டாக்கும். இந்தக் கோளாறை எந்த ரத்தச் சோதனையும் காட்டாது. சோதனையை மாதாமாதம் திரும்ப எடுப்பதில் பயனில்லை. மருந்து வேலை செய்கிறதா என்பதை மாதத்தில் எத்தனை நாள் வலித்தது என்ற கணக்குத்தான் சொல்லும்.

லேபுக்குப் போகக் கூடாத தலைவலி

சில தலைவலிக்கு லேப் வாசலில் நிற்பதே தப்பு. நொடியில் இடி விழுந்த மாதிரி உச்சத்துக்குப் போன வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுப்பு, பேச்சுக் குளறல், வலிப்பு, தலையில் அடிபட்ட பின் வந்த வலி, பிரசவமாகிச் சில வாரத்துக்குள் வந்த கடும் வலி, திடீரென்று பார்வை மறைவது, இவற்றில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிட்டு நேராக அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துக்குப் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரல் எதிரே ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை. இருமினாலோ குனிந்தாலோ கூடும் தலைவலி, புற்றுநோய் அல்லது ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் புதிதாக வரும் தலைவலி இவற்றையும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

மற்றபடி அவசரமில்லாத மைக்ரேனுக்கு முதலில் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து தேவைப்பட்டால் நரம்பியல் ஓ.பி.க்கு எழுதிக் கொடுப்பார்கள். போகும்போது ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொண்டு போங்கள்: ரத்தம் கொடுத்த தேதி, நேரம், கடைசியாகத் தலைவலி விட்ட தேதி, கடைசிக் காய்ச்சலின் தேதி, மாதவிடாய் தொடங்கிய தேதி, கடைசி ஒரு வாரத்தில் போட்ட மாத்திரை, ஊசி. செல்போனில் வந்த பி.டி.எஃப். மட்டும் போதாது. ஓ.பி. கூட்டத்தில் போனைத் தேடி, சார்ஜ் இல்லாமல் நிற்க நேரும். ஒரு பிரிண்ட் எடுத்து, பழைய ரிப்போர்ட்டுகளோடு தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு, சமீபத்தியது மேலே இருக்கும்படி வையுங்கள்.